கவிழ்த்துப் பார்க்க முடியாத நாற்காலி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஒரு நாற்காலியைப் பார்க்க இரண்டு ரயில் மாறிப் போனேன் என்று போனில் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். அண்ணன் நிதானமாக வாசித்துக் காட்டுவான். உங்களைப் போலத் தச்சுப் பட்டறையில் காலம் கழித்தவர்கள் வேறு யாராவது படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், அதனால்தான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுகிறேன்.

ஊர் யூட்ரெக்ட், நெதர்லாந்தில் இருக்கிறது. அங்கே பழைய மடாலயக் கட்டடத்தில் சென்ட்ரால் மியூசியம் என்று ஒன்று. கெரிட் ரீட்வெல்ட் செய்த மரச்சாமான்கள் உலகிலேயே அதிகமாக அங்கேதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவரை ஆர்க்கிடெக்ட் என்றும் சோதனை வடிவமைப்பாளர் என்றும் சொல்வார்கள். எனக்கு முதலில் பட்டது வேறு. அவர் தச்சர், தச்சர் மகன். 1888-ல் அதே யூட்ரெக்டில் பிறந்து, 11, 12 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவின் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். நீங்கள் தாத்தாவிடம் உளி பிடித்த வயதும் ஏறக்குறைய அதுதானே? வேலை முடிந்து ராத்திரி வகுப்பில் வரையக் கற்றுக்கொண்டு, 1917-ல் சொந்தமாகப் பட்டறை போட்டார்.

நான் பார்க்கப் போனது அவருடைய சிவப்பு நீல நாற்காலியை. படம் அனுப்பியிருந்தேன், "இது என்ன, சாரம் கட்டின மாதிரி இருக்கு" என்றீர்கள். நேரில் பார்த்தபோது எனக்கு உங்கள் பழைய பேச்சுதான் ஞாபகம் வந்தது. எந்த நாற்காலியையும் உட்காரும் முன் கவிழ்த்துப் பார் என்பீர்கள். அக்கா கல்யாண மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே ஒரு நாற்காலியைத் தலைகீழாகப் போட்டு, அடியில் விரலால் தடவி, "ஆணியடிச்சு ஒப்பேத்தியிருக்கான்" என்றீர்களே. பெரியம்மா அன்றைக்கு முழுக்க உங்களிடம் பேசவில்லை.

இங்கே கவிழ்க்க வழியில்லை, தொடவே கூடாது. அதனால் தரையில் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அடியைப் பார்த்தேன். காவலர் பக்கத்தில் வந்து, ஏதாவது கீழே விழுந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, பொருத்து பார்க்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

பார்த்ததைச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து சதுரச் சட்டங்கள், கை வைக்க இரண்டு துண்டு, உட்காரவும் சாயவும் இரண்டு பலகை. அவ்வளவுதான். மரம் பீச். ஒரு மூலையில் மூன்று சட்டங்கள் வருகின்றன. ஒன்று நின்றபடி, ஒன்று படுத்தபடி, ஒன்று குறுக்கே. நாம் என்ன செய்வோம்? ஒன்றில் துளை போட்டு, இன்னொன்றில் கழுந்து சீவி, உள்ளே தட்டி இறக்குவோம். அவர் எதையும் வெட்டவில்லை. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் உரசி நிற்கின்றன. ஒன்றையொன்று தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டியும் போகின்றன. உள்ளே மர முளை அடித்துப் பிடித்திருக்கிறார். வெளியிலிருந்து ஆணியும் தெரியாது, முளையும் தெரியாது. இன்றைக்கும் இதை ரீட்வெல்ட் பொருத்து என்றுதான் சொல்கிறார்கள்.

"முளையை மட்டும் நம்பினால் நாளாக ஆட்டம் கொடுக்குமே" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் அவர் நினைத்தது இது: மில்லில் ஒரே அளவில் அறுத்து வரும் சட்டத்தை அப்படியே வாங்கி, இழைப்பு, செதுக்கு எதுவும் அதிகம் இல்லாமல் யாரும் பொருத்திவிடக்கூடிய நாற்காலி. முளைக்குப் போட்ட துளை தவிர சட்டத்தில் வெட்டு விழாததால் மரம் அதிகம் இளைக்கவில்லை. இதையும் யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த மஞ்சள். சட்டம் முழுக்கக் கறுப்பு, முதுகுப் பலகை சிவப்பு, உட்காரும் பலகை நீலம். சட்டங்களின் வெட்டுமுகத்தில் மட்டும் மஞ்சள். வெட்டுமுகத்தை மறைப்பதற்கு நாம் எவ்வளவு பாடுபடுவோம்! மக்கு வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவோம். இவர் அங்கேதான் விளக்கு ஏற்றியிருக்கிறார். கறுப்புச் சட்டம் கண்ணுக்குப் பின்வாங்கி, மஞ்சள் சதுரங்கள் மட்டும் காற்றில் மிதக்கிற மாதிரித் தெரிகின்றன. நெடுந்தூரம் போகிற ஒரு சட்டத்தை இங்கே சும்மா நறுக்கி வைத்தது போல. 1918-ல் முதலில் செய்தபோது நிறமே கிடையாது, வெறும் மரம். 1923 வாக்கில்தான் இந்த நிறங்கள் வந்தன. மோந்திரியான் போன்ற ஓவியர்கள் இருந்த டெ ஸ்டெய்ல் குழுவோடு சேர்ந்த பிறகு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸிக்ஸாக் என்று ஒரு நாற்காலி, 1930-களில் செய்தது. காலே கிடையாது. நான்கு பலகை, ஆங்கில இஸட் எழுத்து மாதிரி மடிந்து நிற்கிறது. முதுகும் இருக்கையும் சேரும் இடத்தில், புறா வால் போல விரிந்த பற்களைக் கோக்கும் புறாவால் பொருத்து. மடிப்பின் உட்பக்கங்களில் முக்கோணக் கட்டை கொடுத்து இறுக்கியிருக்கிறார். ஆள் உட்கார்ந்தால் முறியாதா என்று எனக்கு இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது, ஆனால் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கூட்டத்தில் யாரும் நின்று பார்க்காத ஒன்று. பெட்டிக்கட்டை நாற்காலி. 1934 வாக்கில், உலகம் முழுக்கப் பணம் இல்லாத காலத்தில், சாமான் அனுப்பும் பெட்டிக்குப் போடுகிற மட்டமான பலகையில் செய்தார். ஆம்ஸ்டர்டாமில் மெட்ஸ் என்ற கடை, பலகைகளைத் தனித்தனியாகக் கட்டி விற்றது. வாங்குகிறவர் வீட்டில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிக்கொள்ள வேண்டியது. அதன் முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது பெரியப்பா. டீத்தூள் பெட்டியைப் பிரித்து நீங்கள் எனக்குச் செய்து கொடுத்த படிக்கிற மேஜை அது. தகரப் பட்டை இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் வரிசையாக இருக்கும், பத்தாவது பரீட்சை வரை அந்த ஓட்டைகளில்தான் பென்சிலை நிறுத்தி வைப்பேன். அதை ஒரு சாமானாகவே நீங்கள் மதித்ததில்லை. தேக்கு கிடைத்ததும் வேறு செய்து தருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெரார்ட் வான் டெ க்ருனெகான். ரீட்வெல்டின் பட்டறையில் சின்னப் பையனாகச் சேர்ந்தவர். 1924-ல் ரீட்வெல்ட் கட்டடப் பக்கம் முழுதாகத் திரும்பியபோது பட்டறையை இவர் ஏற்றுக்கொண்டு, பல பத்தாண்டுகள் அந்த நாற்காலிகளைச் செய்துகொண்டே இருந்தார். பேர் ஒருவருக்கு, கை இன்னொருவருக்கு. கண்காட்சிகளில் இந்த இரண்டாவது பேரையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை.

மியூசியத்திலிருந்து நடந்தே போய் ரீட்வெல்ட் கட்டிய ஒரு வீட்டையும் பார்த்தேன். 1924-ல் ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற அம்மாவுக்காகக் கட்டியது. கணவர் இறந்து, மூன்று பிள்ளைகளோடு இருந்தவர். செங்கல் வீட்டு வரிசை ஒன்றின் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மேல்மாடியில் நிலையான அறைகளே வேண்டாம் என்று கேட்டது அந்த அம்மாதான். தள்ளுகிற தடுப்புகளை ராத்திரியில் இழுத்தால் அறை அறையாகிவிடும், காலையில் தள்ளினால் ஒரே கூடம். அலமாரிக் கதவு மாதிரி வீட்டையே இழுத்து மூடலாம். அனுமதி வாங்குவதற்காக வரைபடத்தில் அந்த மாடியை வெறும் பரண் என்று காட்டியிருக்கிறார்கள்! ஒரு மூலையில் இரண்டு ஜன்னல்கள் நடுவில் தூண் இல்லாமல் சந்திக்கின்றன. திறந்தால் மூலையே இல்லை. வெறும் காற்று. வீட்டின் மூலையிலும் ரீட்வெல்ட் அந்த நாற்காலி வேலையைத்தான் செய்திருக்கிறார் என்று அப்போது பட்டது. அந்த அம்மா 1985 வரை, கடைசி வரை, அங்கேயேதான் வாழ்ந்தார். 2000-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தைக்கு ஊருக்கு வருகிறேன், மூன்று வாரம் இருப்பேன். பழைய வீட்டு ஓடு பிரித்தபோது இறக்கிய தேக்கு ரீப்பர்கள் பின்கட்டில் அடுக்கியிருக்கின்றன அல்லவா? அவற்றில் கறையான் ஏறாததாக அண்ணனைப் பொறுக்கி வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சிவப்பு நீல நாற்காலியை நாமே செய்து பார்ப்போம். உயரம் 34 அங்குலம், அகலம் 26, முன்பின்னாக 33. கை நடுங்குகிறது என்று சொல்லித் தட்டிக் கழிக்காதீர்கள். இழைப்புளியை நான் தள்ளுகிறேன், நீங்கள் மூலைமட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்துச் சொன்னால் போதும். முடிந்ததும் கவிழ்த்துப் பாருங்கள், எங்கே ஆட்டம் என்று சொல்லுங்கள். மஞ்சள் பெயின்ட் மட்டும் நான்தான் அடிப்பேன்.

முளைக்குப் பூவரசு தாங்குமா, வேறு கட்டை பார்க்க வேண்டுமா? அண்ணனிடம் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள்
பாப்பா