'எங்கள் ரத்தம்' என்று எழுதியிருந்தாயே

காத்ர் போர்ன், மொரீசியஸ்

அன்புள்ள கதிரேசா,

கடிதம் கிடைத்தது. இங்கே தைப்பூசம் நல்லபடி முடிந்தது. சின்னவன் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுத்தான். வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது நம் சிதம்பரத்து மெஸ் நினைவு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்குச் சர்க்கரை, மகனுக்கும் வரத்தான் போகிறது, எங்கள் ரத்தம் அப்படி" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

1987-ல் இந்தத் தீவில் பெரிய சர்க்கரை நோய் ஆய்வு நடந்தது. எங்கள் பகுதிக்கும் வந்தார்கள். வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி ரத்தம் கொடுத்தோம். பக்கத்தில் எங்கள் அண்டைவீட்டுக்காரர், கிரியோல், அதாவது ஆப்பிரிக்க வம்சாவளிக் கலப்பினத்தவர். இது இந்தியர்களின் வியாதி, தனக்கு எதற்கு என்று சிரித்துக்கொண்டிருந்தார். முடிவு வந்தபோது இந்தியர், கிரியோல், சீனர் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அளவுதான், நூற்றுக்குப் பத்து முதல் 13 பேர் வரை. அன்று சீனாவிலேயே நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூடக் கிடையாது. மூன்று இனத்து ரத்தம், ஒரே தீவு, ஒரே வியாதி. வெறும் ரத்தம்தான் காரணம் என்றால் இது எப்படி நடக்கும்?

அப்புறம் எண்ணெய்க் கதை. அன்று ஏழை வீடுகளில் பெரும்பாலும் ரேஷன் எண்ணெய்தான். அதில் பனை எண்ணெய்தான் அதிகம். அரசாங்கம் அதை சோயா எண்ணெயாக மாற்றியது. 1992-ல் திரும்ப அளந்தபோது சராசரி கொலஸ்ட்ரால் இங்குள்ள மில்லிமோல் கணக்கில் 5.5-லிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. உங்கள் ஊர் மில்லிகிராம் கணக்கில் 213-லிருந்து 182. ஒருவருடைய மரபணுவும் மாறவில்லை, அடுப்படியில் இருந்த புட்டி மாறியதற்குத்தான் இதில் பெரிய பங்கு.

ஆனால் சர்க்கரை நோய் இறங்கவில்லை. 2009-ல் நூற்றுக்கு இருபதைத் தாண்டிவிட்டது. எண்ணெயை அரசாங்கம் மாற்றலாம், நம் நடையையும் தட்டையும் யார் மாற்றுவது? அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. டிசிஎஃப்7எல்2 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதன் ஒரு வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால், ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆனால் அது இருந்தும் நோய் வராதவர்கள் ஏராளம். உன் மகனுக்கு இப்போது மரபணுப் பரிசோதனை வேண்டாம், உங்கள் ஊரில் சொல்லும் 'மூன்று மாதச் சர்க்கரை' (HbA1c) ரத்தப் பரிசோதனை போதும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. அந்த எண் 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 6.4 வரை இருந்தால் இன்னும் திரும்பி வர வழியுண்டு. ரத்தசோகை இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லச் சொல், எண் தப்பாகக் காட்டலாம்.

என் பெரியவன் வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறான். உன் மகனையும் அதே வாரம் அனுப்பு. இரண்டு எண்களையும் அடுத்த கடிதங்களில் மாற்றிக்கொள்வோம். உன் எண்ணையும் மறைக்காமல் எழுது.

உன்
சண்முகம்