எழுத்தாக இருந்தால் நானே வாசிப்பேன்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகனுக்கு,

உங்கள் நிறுவனத்தின் கட்டணம் செலுத்தும் பக்கங்களைப் பார்வையற்றவர்களும் தடையின்றிப் பாவிக்கக்கூடியதாக இருக்கின்றனவா என்று பரிசோதிக்கும் பொறுப்பை உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்று அறிந்து மிகவும் பெருமைப்பட்டேன். "நீங்கள் கணினியில் என்னென்ன செய்கிறீர்கள், எங்கே தடைப்படுகிறீர்கள் என்று விரிவாக எழுதுங்கோ அம்மா" என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதி விடுபட்டுப்போகும் என்பதால், நீ அனுப்பிய மடிக்கணினியிலேயே இதை எழுதுகிறேன்.

நீ அறிய வேண்டிய முதல் விடயம் இதுதான். கண் தெரியாதவர்களுக்குக் கணினி கடினமானது என்று நம் சொந்தக்காரர்கள் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் எழுத்தாக உள்ள எதையும் கணினி எனக்குச் சலிக்காமல் வாசித்துத் தருகிறது. அது வாயடைத்துப் போவது, பார்வையுள்ளவர்கள் ஒரு செய்தியைப் படமாக்கும்போதும், ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் விடும்போதும்தான். ஆகவே என்னுடைய சிரமங்களில் பெரும்பகுதி என் கண்ணில் இல்லை, உன்னைப் போன்றவர்களின் கையில் இருக்கிறது. இதை உன் மனம் நோகச் சொல்லவில்லை. மாற்றக்கூடிய இடத்தில் நீ இருக்கிறாய் என்பதால் சொல்கிறேன்.

திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பார்கள்; நான் பாவிப்பது என்விடிஏ என்பது உனக்குத் தெரியும். அதை 2006 இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள், பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமொன்றில் சிறுவயதில் அறிமுகமானவர்கள். திரைவாசிப்பான்கள் கணினியை விடவும் கூடிய விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், பார்வையுள்ளவர் கணினியைப் பாவிக்க மேலதிகமாக எதுவும் செலுத்துவதில்லை, நாங்கள் மட்டும் ஏன் செலுத்த வேண்டும் என்று கேட்டு, அதை இலவசமாகவும், எவரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாகவும் வெளியிட்டார்கள். ஓய்வூதியத்தில் வாழும் என்னைப் போன்ற ஓர் ஆசிரியைக்கு இன்று கணினி பேசுகிறது என்றால் அதற்கு அவர்களே காரணம். நீ பரிசோதனை செய்யும்போதும் இதையே நிறுவிக்கொள். கன்ட்ரோல், ஆல்ட், என் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும். கன்ட்ரோல் விசையை மட்டும் தட்டினால் அந்த வாசிப்பு நின்றுவிடும். இந்த இரண்டையும் அறியாமல் தொடங்குபவர்கள், அது இடைவிடாமல் பேசுவதைக் கேட்டுப் பயந்து மூடிவிடுகிறார்கள்.

நான் ஒரு பக்கத்தை எப்படி வாசிக்கிறேன் என்பதை நீ நன்றாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். சுட்டி எனக்கு உதவாது. அதன் குறி திரையில் எங்கே நிற்கிறது என்று காணாதவள் அதை நகர்த்தி என்ன பயன்? எல்லாமே விசைப்பலகையில்தான். எஃப், ஜே ஆகிய விசைகளில் உள்ள சிறு மேடுகளில் சுட்டுவிரல்களை வைத்தால் மற்ற விசைகள் தாமாகவே விரலுக்கு வந்துவிடும். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தவுடன் எச் விசையை அழுத்துவேன். அடுத்த தலைப்புக்குத் தாவி அதை வாசிக்கும். பிடிக்காவிட்டால் மறுபடியும் எச். இரண்டு என்ற இலக்கத்தை அழுத்தினால் இரண்டாம் நிலைத் தலைப்புகளில் மட்டும் நிற்கும். இணைப்புகளுக்குக் கே, பொத்தான்களுக்குப் பி, எழுதும் பெட்டிகளுக்கு ஈ. இன்சேர்ட் விசையுடன் எஃப்7 ஐச் சேர்த்து அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாக வரும். தேடும் சொல்லின் முதலெழுத்துகளைத் தட்டி அங்கே போய்விடுவேன். வேகத்தையும் கூட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்து கேட்பவருக்கு முணுமுணுப்பாக இருக்கும், எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.

ஆனால் இந்தத் தாவல் எல்லாம், பக்கத்தைச் செய்தவர் தலைப்பைத் தலைப்பு என்றே குறித்திருந்தால் மட்டுமே நடக்கும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி விட்டால் கண்ணுக்கு அது தலைப்பாகத் தெரியலாம். என்விடிஏக்கு அது மற்றுமொரு வரி. அத்தகைய பக்கம் பொருளடக்கம் கிழிந்துபோன புத்தகத்தைப் போன்றது. வேண்டியதைத் தேட முதல் வரியிலிருந்து வாசித்து வர வேண்டும். "இங்கே சொடுக்கவும்" என்ற பெயரில் பத்து இணைப்புகளை வைத்தாலும் அதே கதிதான்: பட்டியலில் அதே வாசகம் பத்துமுறை ஒலிக்கும், எது எங்கே கொண்டுபோகும் என்று தெரியாது. "யூன் மாதப் பட்டியலைத் தரவிறக்கு" என்று எழுதுவதற்கு உனக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது.

இனி நம் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் உன்னுடன் வேலை செய்பவர்கள் இதை அறிந்திருக்க மாட்டார்கள். தமிழை வாசிக்கக் குரல்கள் இருக்கின்றன. என்விடிஏயுடன் வரும் ஈஸ்பீக் தமிழ் பேசும். இயந்திரத்தனமான குரல், ஆனாலும் எவ்வளவு வேகத்திலும் தெளிவு கெடாது. விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் உண்டு. நீண்ட கட்டுரைகளுக்கு அதை வைத்துக்கொள்வேன். குரல் இருந்தும் எமது நாட்டின் தமிழ் ஆவணங்களில் கணிசமானவற்றை என்னால் வாசிக்க முடியாமைக்குக் காரணம் பாமினி எழுத்துரு. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் திரையில் அம்மா என்றே தெரியும், அச்சிலும் அழகாகவே வரும். ஆனால் கோப்பினுள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள். எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று சொல்லும். பக்கம் முழுவதும் இப்படியே ஒலிப்பதைக் கேட்டால் எவருக்கும் தலை சுற்றும். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியீடு தரும் பொது முறைதான் யூனிகோட். 1991 இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் சுற்றுநிருபங்களையும் சங்க அறிக்கைகளையும் பள்ளிக்கூட மலர்களையும் இன்றும் பாமினியில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள்.

பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. எனக்கு வரும் வேர்ட் கோப்புகளை நான் அப்படித்தான் மாற்றிக்கொள்கிறேன்: முழுவதையும் தெரிவுசெய்து, பிரதி எடுத்து, கருவியின் பெட்டியில் ஒட்டி, வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வது. இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழெழுத்தாகிக் குழம்பிப்போகும்; தொலைபேசி இலக்கங்களையும் திகதிகளையும் மூலக் கோப்பில் மறுபடி கேட்டு உறுதிசெய்வேன். தட்டச்சு செய்பவர் தொடக்கத்திலேயே யூனிகோட்டில் அடித்திருந்தால் இவ்வளவு வேலையும் எவருக்கும் இல்லை. பாமினியில் பழகிய விரல்களை மாற்றத் தேவையில்லை; அதே விசை அமைப்பில் யூனிகோட்டை அடிக்கும் மென்பொருள்கள் உள்ளன. உன் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலரை நீதான் தொகுக்கிறாய் என்பதால் இதைக் குறிப்பாக எழுதுகிறேன். சென்ற மலரில் உன் கட்டுரையின் தலைப்பைக்கூட என்னால் கேட்க முடியவில்லை.

பாமினிக்கு அடுத்தது படங்கள். இந்த ஊரில் மரண அறிவித்தல், நீர்வெட்டு அறிவித்தல், கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரல், பிரதேச செயலகத்தில் நடமாடும் சேவை நடக்கும் நாள் என்று எல்லாமே வட்ஸ்அப்பில் படமாக வருகின்றன. கைபேசி "புகைப்படம்" என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். யாரோ காலமாகிவிட்டார் என்பதை, பின்னால் வரும் அனுதாபச் செய்திகளைக் கேட்டு ஊகித்துக்கொள்கிறேன். யார் என்று அறிய ஒருவரை அழைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. கூகுள் லென்ஸ் படத்திலுள்ள தமிழைப் பெரும்பாலும் எடுத்துத் தரும், ஆனால் பூ வேலைப்பாடுகளும் வளைந்த எழுத்துகளும் உள்ள அட்டைகளில் பெயரும் நேரமும்தான் முதலில் பிழையாகிப்போகின்றன. படத்தோடு இரண்டு வரி எழுத்தும் சேர்த்து அனுப்பினால் போதும். இதை நம் குடும்பக் குழுவில் நீ ஒருமுறை எடுத்துச் சொல். நான் சொன்னால் பரிதாபப்படுகிறார்கள், நீ சொன்னால் செய்வார்கள்.

கைபேசியில் டோக்பேக் என்ற திரைவாசிப்பானை வைத்திருக்கிறேன். ஒலியைக் கூட்டும் குறைக்கும் விசைகள் இரண்டையும் சில வினாடிகள் சேர்த்துப் பிடித்தால் அது இயங்கத் தொடங்கும். விரலை மெதுவாக நகர்த்தினால் தொடும் இடத்தில் இருப்பதைச் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். இதில் நான் பழகாதது எதுவும் இல்லை. இருந்தும் இங்குள்ள ஒரு வங்கியின் செயலியைத் திறந்தால், திரை முழுவதும் "பெயரிடப்படாத பொத்தான், பெயரிடப்படாத பொத்தான்" என்றே கேட்கிறது. மீதி பார்ப்பது எது, பணம் அனுப்புவது எது என்று எந்த அடையாளமும் இல்லை. ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியில் வந்து, அதைக் கேட்டு, செயலிக்குத் திரும்பி, ஆறு இலக்கங்களையும் அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்து, என் இரகசிய இலக்கத்தையும் சேமிப்பில் உள்ள தொகையையும் அவளுக்குத் தெரியவைத்தே காரியம் பார்க்க வேண்டியிருக்கிறது. அவள் தங்கமான பிள்ளை. ஆனால் என் கணக்கு என்னுடையது, மகன். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளின் புள்ளிகளை எவருக்கும் காட்டாமல் பூட்டி வைத்த எனக்கு, என் சொந்தக் கணக்கை ஊரறியத் திறந்து காட்டுவது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று யோசித்துப் பார்.

அந்தப் பொத்தான்களுக்குப் பெயர் வைப்பது, செயலியைச் செய்தவருக்கு ஒரு பொத்தானுக்கு ஒரு வரி வேலை. உன் பக்கத்தில் இதைத்தான் முதலில் பார். எழுதும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் அதனுடன் இணைக்கப்பட்ட பெயர் இருக்கிறதா, பெட்டிக்குள் மங்கலாகத் தெரிந்து மறையும் குறிப்பை மட்டும் நம்பியிருக்கிறீர்களா என்று பார். அட்டை இலக்கம் பிழையானால் பெட்டியின் ஓரத்தைச் சிவப்பாக்கி விட்டுவிடுவார்கள். எனக்குச் சிவப்பு கேட்காது. என்ன பிழை, எந்தப் பெட்டியில் என்று எழுத்தில் வர வேண்டும், வந்தவுடன் திரைவாசிப்பான் அதை அறிவிக்கவும் வேண்டும். நேர எல்லை இருந்தால் அதை நீட்டிக்க வழி கொடுங்கள். கடவுச்சொல்லை ஒட்டுவதைத் தடுக்காதீர்கள். வளைந்த எழுத்துகளைப் படத்தில் காட்டி அடிக்கச் சொல்லும் சோதனையை எடுத்துவிடுங்கள். இவை என் விருப்பங்கள் மட்டுமல்ல. இவற்றில் பெரும்பாலானவை இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச வழிகாட்டியில் இருப்பவை. அதன் 2.2 ஆம் பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. நீ இருக்கும் ஒன்ராறியோவில் 2005 ஆம் ஆண்டின் அணுகல்தன்மைச் சட்டத்தின்படி, ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் தமது பொது இணையத்தளங்களை அந்த வழிகாட்டியின் 2.0 பதிப்பில் ஏஏ எனப்படும் இரண்டாம் நிலைக்கு 2021 சனவரி முதலாம் திகதிக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். இலங்கையும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் ஏற்புறுதி செய்திருக்கிறது; அதன் ஒன்பதாம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அங்கே நீ சட்டத்துக்காகச் செய்வதை, இங்கே எமக்காகச் செய்பவர்கள் இன்னும் குறைவு.

தானியங்கிச் சோதனைக் கருவி பச்சை காட்டிவிட்டது என்று திருப்திப்பட்டுவிடாதே. படத்தில் இருப்பதை விவரிக்கும் மாற்று எழுத்து இருக்கிறதா என்று அது சொல்லும். அந்த எழுத்து "படம் 3" என்று இருந்தாலும் தேர்ச்சி கொடுத்துவிடும். சுட்டியைக் கழற்றி வை, திரையை அணைத்துவிடு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு கட்டணத்தைத் தொடக்கம் முதல் பற்றுச்சீட்டு வரை செலுத்திப் பார். அதன் பிறகு, நாளாந்தம் திரைவாசிப்பானில் வாழும் பார்வையற்றவர்களை அழைத்துச் சோதிக்கச் சொல்; அவர்களுக்கு அதற்குரிய ஊதியத்தை உங்கள் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று நீ வாதாட வேண்டும்.

நிலாவெளி மாமாவைப் பற்றியும் கேட்டிருந்தாய். சீனி வருத்தத்தால் அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இப்போதைக்கு விண்டோஸ் விசையையும் கூட்டல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பெரிதாக்கிக் கறுப்புப் பின்னணியில் வாசிக்கிறார். பார்வை மிச்சமிருக்கும்போதே விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கப் பழகச் சொல்லியிருக்கிறேன், அவருக்கு விருப்பமில்லை. நீயும் அவருக்கு ஒரு வார்த்தை எழுது. கொஞ்சம் பெரிய எழுத்தில்.

வரும் ஞாயிறு நீ அழைக்கும்போது உங்கள் கட்டணப் பக்கத்தின் சோதனைப் பதிப்புக்கான இணைப்பை எனக்கு அனுப்பிவிடு. நான் இங்கிருந்து என்விடிஏயில் திறந்து, எந்த இடத்தில் நிற்கிறேன் என்று அப்போதே உனக்குச் சொல்கிறேன். அத்துடன் பெரியக்காவின் மகளுடைய திருமண அழைப்பிதழைப் படமாக அனுப்பியிருந்தாய். முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் பெயரையும் எழுத்தில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா.