ஹைபிரிட்டை விற்பதற்கு முன்னால்

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் சரியாகி மறுபடி சைக்கிள் மிதிக்க ஆரம்பித்துவிட்டாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். கடைசிப் பத்தியில் கேட்டிருக்கிறாயே, அதற்கு ஒரு வரியில் பதில் எழுதினால் நீ மறுநாளே கடை வாசலில் நிற்பாய். அதனால்தான் இந்த நீளம். எண்ணூர் ரோட்டில் ரோடு பைக்காரர்கள் உன்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் உன் ஹைபிரிட் சைக்கிளைத் தள்ளிவிட்டு, மெலிந்த டயரோடு குனிந்து ஓட்டும் ரோடு பைக் சைக்கிள் வாங்கினால் எவ்வளவு வேகம் கூடும் என்பதுதானே கேள்வி?

கூடும், மணிக்கு 4 கி.மீ. போல. 75 கிலோ ஆள், காலில் 150 வாட் சக்தி, சமதளம், காற்று இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஹைபிரிட் 25-இல் போகும், ரோடு பைக் 29 சொச்சத்தில் போகும். 150 வாட் என்பது மூச்சு வாங்கும், ஆனால் பேச்சு நிற்காது என்கிற அளவு. 50 கி.மீ. ஓட்டினால் முதலாவதற்கு 2 மணி நேரம், இரண்டாவதற்கு 1 மணி 42 நிமிடம். உன்னைத் தாண்டுகிறவன் 35-இல் போகிறான் என்றால் அதில் பாதிக்கு மேல் அவன் கால், வண்டி இல்லை. இது உனக்குக் கசக்கும், பரவாயில்லை.

இந்த 4 எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார். எல்லாரும் முதலில் எடையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஒரு விரலில் தூக்கிக் காட்டுவார்கள். சமதளத்தில் 3 கிலோ குறைந்தால் மணிக்கு 0.1 கி.மீ. கூடும், அவ்வளவுதான். மலை ஏறினால் எடை பேசும். நம் பக்கம் மேம்பாலத்தை விட்டால் ஏற்றம் ஏது? டயரால் வருவது சுமார் 1.4 கி.மீ. மிச்சம் 3-க்குக் கொஞ்சம் குறைவு, அது முழுக்க நீ உட்கார்ந்திருக்கும் விதம். ஹைபிரிட்டில் நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் அகல விரித்து, காற்றுக்கு எதிரே கதவு மாதிரி உட்கார்கிறாய். ரோடு பைக்கில் முதுகு சாய்கிறது, கை ஒடுங்குகிறது, காற்றுக்குக் காட்டும் பரப்பு நாலில் ஒரு பங்கு குறைகிறது. காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 25-இலிருந்து 30-க்குப் போக வேகம் 20 சதவீதம்தான் கூட்டுகிறாய், காற்றுக்குக் கொடுக்கும் சக்தியோ 73 சதவீதம் கூடுகிறது. அதனால்தான் 22 வரை சுலபமாக வருகிற வண்டி 27-இல் சுவரில் முட்டின மாதிரி நின்றுவிடுகிறது.

இதன் மறுபக்கத்தையும் பார். 15-இல் ஓட்டும்போது காற்றை விட டயர் உருள்வதில்தான் சக்தி அதிகம் போகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சிக்னல், ஷேர் ஆட்டோ, பஸ் ஸ்டாப் என்று நின்று நின்று போகிற 8 கி.மீ.க்கு எந்த ரோடு பைக்கும் உனக்கு 2 நிமிடத்துக்கு மேல் மிச்சம் பிடித்துத் தராது. வேலைக்குப் போய்வர மட்டும் என்றால் பேச்சே வேண்டாம், ஹைபிரிட்தான்.

எதிர்காற்று வந்தால்தான் ஆட்டம் மாறும். மணிக்கு 15 கி.மீ. எதிர்காற்றில் அதே 150 வாட்டுக்கு ஹைபிரிட் 17-க்கு இறங்கும், ரோடு பைக் 21-இல் நிற்கும். வித்தியாசம் அதே 4-தானே என்று தோன்றும். ஆனால் 10 கி.மீ. போக, காற்றில்லாத நாளில் இரண்டுக்கும் மூன்றரை நிமிடம்தான் வித்தியாசம், இப்போது ஆறரை நிமிடத்துக்கு மேல். மார்ச்சிலிருந்து மே வரை தெற்குக் காற்று. மீஞ்சூர், பொன்னேரி என்று வடக்கே போகும்போது நம்மை விட்டால் ஆளில்லை என்று இருக்கும். திரும்பி வரும்போதுதான் பேஜார். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று, அப்போது அப்படியே தலைகீழ். வெளியே போகும்போதே தெம்பு முழுவதையும் கரைத்துவிடாதே.

சரி, விற்காமல் என்ன செய்யலாம்? முதல் வேலை டயர். உன் வண்டியில் 700×38, அதாவது 38 மி.மீ. அகல டயர் இருக்கும் என்று நினைக்கிறேன், ஓரத்தில் பொத்தான் பொத்தானாகப் பட்டன் இருந்தால் அதை முதலில் கழற்று. தார் ரோட்டில் 'ஊ' என்று அது பாடுகிற பாட்டெல்லாம் உன் கால் கொடுத்த சக்திதான். 700×32 வழவழப்பான டயர் போடு. 28-உம் போடலாம், ரிம்மின் உள் அகலம் 17 முதல் 19 மி.மீ. போல இருந்தால் நல்லது. 25 வேண்டாம். கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் தண்டவாளங்களைச் சாய்வாகக் கடந்தால் 25 உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், நீ வெளியே விழுவாய். 32 போட்டாலும் தண்டவாளத்தை நேர்குறுக்காகவே கட. கடைக்காரர் மாடல் பேரைக் கேட்பார், நீ டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைக் காட்டு. 38-622 என்று இருந்தால் 622 மி.மீ. ரிம், அதற்கு 32-622 கேள். டியூபையும் கூடவே மாற்று. 35 முதல் 43 வரை என்று எழுதிய பழைய டியூபை 28 டயருக்குள் திணித்தால் மடிந்து உட்காரும், ஒரு வாரத்தில் மடிப்பிலேயே வெடிக்கும்.

டயரில் காற்று எவ்வளவு என்பதில்தான் நம் ஆட்கள் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். டயரில் எழுதியிருக்கிறதே ஒரு பெரிய எண், அது உச்ச வரம்பு. அவ்வளவு அடி என்று அர்த்தம் இல்லை. 75 கிலோவுக்கு 32 டயரில் பின்னால் 65 முதல் 70 பி.எஸ்.ஐ., முன்னால் 60 போதும். 28 என்றால் பின்னால் 80, முன்னால் 75. கல் மாதிரி அடித்துவிட்டு மணலி ரோட்டில் போனால் டயர் உருளாது, குதிக்கும். ஒவ்வொரு குதிப்பும் உன் கையிலும் முதுகிலும் போய்க் கரைகிற சக்தி. ரொம்பக் குறைத்தால் பள்ளத்தில் ரிம் டியூபை அமுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும், பாம்பு கடித்த மாதிரி. பஞ்சர் ஒட்டும்போது ஒரே ஓட்டை என்றால் வெளியிலிருந்து குத்தியது, ஜோடி ஓட்டை என்றால் காற்று குறைவு. டிரெய்லர் போகிற ரோட்டில் லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பிதான் முக்கால்வாசிக் குற்றவாளி. கண்ணுக்குத் தெரியாது. டியூபை ஒட்டிவிட்டு டயரின் உள்பக்கம் ஒரு துணியால் சுற்றித் துடை. நூல் மாட்டுகிற இடத்தில் கம்பி இருக்கும், குறடால் பிடுங்கு. விரலால் தடவாதே, கிழிக்கும்.

அடுத்தது ஹேண்டில்பார். இதற்குச் செலவே இல்லை. ஹேண்டில்பாரை வண்டியோடு பிடித்திருக்கும் துண்டுதான் ஸ்டெம், அதற்குக் கீழே வளையம் வளையமாக ஸ்பேசர் இருக்கிறதா பார். இருந்தால், மேல்மூடி போல்ட்டைக் கழற்று, ஸ்டெம்மின் பக்கத்து போல்ட் இரண்டையும் தளர்த்து, ஸ்டெம்மை உருவி, கீழே இருந்த ஸ்பேசரை அதன் மேலே போடு. ஸ்பேசரைத் தூக்கி எறியாதே, மேலே அது இருந்தால்தான் மூடி அமுக்கும். மூடியை ஆட்டம் நிற்கிற அளவுக்கு மட்டும் முறுக்கு. சக்கரத்துக்கு நேராக ஹேண்டிலைப் பார்த்துவிட்டு, பிறகு பக்கத்து போல்ட்டுகளை மாற்றி மாற்றி, அதில் எழுதியிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கு. பெரும்பாலும் 5 இருக்கும். எல்லாரும் செய்கிற தப்பு, பக்கத்து போல்ட்டை இறுக்கின பிறகு மேல்மூடியைப் பிடித்து முறுக்குவது. அப்போது அது எதையும் அமுக்காது, ஆட்டம் அப்படியே இருக்கும். முதலிலேயே மூடியை அளவுக்கு மீறி முறுக்கினாலோ ஹேண்டில் கனத்துப் போய் பேரிங்கில் குழி விழும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார், 'கடக்' என்று சத்தம் வந்தால் இன்னும் ஆட்டம் இருக்கிறது.

இன்னும் இறங்க வேண்டுமென்றால் ஸ்டெம்மைக் கவிழ்த்துப் போடு. 90 மி.மீ. நீளம், 7 டிகிரி சாய்வு என்றால் 2 செ.மீ. இறங்கும். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதே. முதலில் ஸ்பேசர், இரண்டு வாரம் கழித்து ஸ்டெம். கழுத்தும் இடுப்பும் பழக வேண்டும். ஹைபிரிட் ஹேண்டில் 64 செ.மீ. அகலம் இருக்கும், இரண்டு பக்கமும் 2 செ.மீ. ரம்பத்தால் அறுத்தால் கை ஒடுங்கும். அறுக்கும் முன் கிரிப், பிரேக், கியர் எல்லாம் உள்ளே நகர இடம் இருக்கிறதா என்று நகர்த்திப் பார். அறுத்தபிறகு ஒட்ட முடியாது.

சிலர் ஹைபிரிட்டுக்கே டிராப் பார், அதாவது ரோடு பைக்கின் கீழே வளைந்த ஹேண்டில் மாட்டுகிறார்கள், யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம். ஹைபிரிட்டின் மேல்குழாய் நீளம் கூட, டிராப் பார் வந்தால் கை இன்னும் முன்னே நீளும். ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற உன் வண்டியின் வி-பிரேக்குக்கு ரோடு பிரேக் லீவர் போதுமான கேபிளை இழுக்காது, பிரேக் கையில் வந்து முட்டுமே தவிர ரிம்மில் பிடிக்காது. அதைச் சரிக்கட்ட ஒரு சாமான், கியருக்கு ஒரு சாமான் என்று போய், பாதி ரோடு பைக் காசு கரைந்திருக்கும்.

சீட் உயரத்தைக் கேட்காமலே எழுதுகிறேன். இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று தாழ்த்தி வைத்திருப்பாய். அது தப்பு. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும், அதுதான் கணக்கு. தாழ்ந்த சீட்டில் முழங்கால் அதிகம் மடங்கி, மூட்டுச் சில்லின்மேல் பாரம் ஏறும். உன் முழங்கால் வலிக்குக் காரணம் சீட்டாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரேயடியாக ஏற்றாதே, தடவைக்கு அரை செ.மீ.

முன்னால் சஸ்பென்ஷன் ஃபோர்க், அதாவது குலுக்கல் தாங்க ஸ்பிரிங் வைத்த கவை இருந்தால் பூட்டிவை. எழுந்து நின்று மிதிக்கும்போது அது பம்ப் அடிக்கிற மாதிரி கீழே போய் வருகிறதே, அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போகாது.

செயினைப் பற்றி நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடல் உப்பும் நிலக்கரித் தூசும் சேர்ந்து வாரத்தில் கறுப்புக் களிம்பாகிவிடும். 150 கி.மீ.க்கு ஒருமுறை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடு. என்ஜின் ஆயில் கெட்டி, தூசை இழுத்துப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் சமையலுக்கு. 24 கண்ணியை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், அதற்கு மேல் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு நீண்டுவிட்டால் செயினை மாற்று. தள்ளிப்போட்டால் பின்னால் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்னும்.

கியர் போதவில்லையோ என்று கேட்டிருந்தாய். முன்னால் 48 பல், பின்னால் 14 பல், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 40 கி.மீ. வரும். அந்த கியர் தீர்ந்துபோகிற வேகத்துக்கு நீ வந்தபிறகு பேசலாம்.

டயர் மாற்றியதும் வேக மீட்டரில் சக்கரச் சுற்றளவையும் மாற்று. 38 டயருக்கு 2180, 32-க்கு 2155, 28-க்கு 2136 மி.மீ. மாற்றாமல் 38-இன் அளவிலேயே 28-ஐ ஓட்டினால் மீட்டர் 25 காட்டும்போது நீ உண்மையில் 24.5-இல்தான் போவாய். அந்தப் பொய் வேகத்தைக் காட்டி எனக்குக் கடிதம் போட்டுவிடாதே. இன்னொன்று, ஆளுக்குப் பின்னால் ஒட்டி ஓட்டினால் காற்று குறைந்து காலுக்கு 25, 30 சதவீதம் மிச்சமாகும். ஹைபிரிட்டிலும் ரோடு பைக் கூட்டத்தோடு ஒட்டிப் போகலாம், முன் சக்கரத்துக்கும் அவன் பின் சக்கரத்துக்கும் ஒரு மீட்டர் விட்டு. ஆனால் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் அந்த வேலை காட்டாதே. அவன் பிரேக் அடித்தால் உனக்கு முன்னால் இருப்பது இரும்பு.

இதெல்லாம் செய்து 3 மாதம் ஓட்டு. அப்புறமும் தனியாக, வாரத்துக்கு இரண்டு தடவை, 50 கி.மீ.க்கு மேல் ஓட்டுகிறாய் என்றால் ரோடு பைக் வாங்கு, நானே கூட வருகிறேன். 200 கி.மீ. பிரெவேக்காக, அதாவது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டத்துக்காக என்றால் அவசரமே இல்லை. அதற்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள், நிறுத்தம் எல்லாம் சேர்த்து 15-க்குக் கீழே சராசரி போதும், ஹைபிரிட்டே முடிக்கும். வாங்கினால் 32 டயர் நுழைகிற ஃபிரேம், டிஸ்க் பிரேக், பின்னால் 32 பல் உள்ளதாகப் பார். போக்ஸ் கம்பி எண்ணு. 28-க்குக் குறைந்தால் நம் ரோட்டுக்கு மாதம் ஒருமுறை வீலுக்குப் பெண்டு எடுக்க வேண்டியிருக்கும். வால்வு மெலிந்த பிரெஸ்டாவாக இருக்கும், பெட்ரோல் பங்க் குழாய் அதில் மாட்டாது. பித்தளை அடாப்டர் ஒன்றைச் சீட் பையில் போட்டுவை.

இப்போதைக்கு மூன்று விஷயம் பார்த்து எழுது. டயர் ஓரத்து எண், ரிம்மில் எழுதியிருக்கும் எண், ஸ்டெம்முக்குக் கீழே எத்தனை ஸ்பேசர். ரிம்மில் எதுவும் இல்லையென்றால் டயரைக் கழற்றும்போது உள் அகலத்தை ஸ்கேலால் அள. வந்ததும் டயர் எது என்று சொல்கிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி