அத்தையின் கை நின்ற இடம்

கோச்சடை, மதுரை.
வைகாசி, 2025.

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன், அத்தைதான் வாங்கி வைத்தார்கள். "ராஜி போட்டிருக்காத்தா" என்று கொண்டுவந்து நீட்டினார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் உன் கையெழுத்தின் உருட்டை அவர்களுக்கு அடையாளம் தெரியும். செல்லூர் காம்பவுண்டில் எல்லா வீட்டுக்கும் நீதானே மனு எழுதிக் கொடுப்பாய், அந்தக் காலத்திலிருந்து பார்த்த எழுத்து.

முதலில் வீட்டுச் சேதி. சின்னவளுக்குத் திண்டுக்கல்லில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் ரயிலில் போய் வருகிறாள். இவருக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதை இந்த வருஷமும் டி.வி.யில்தான் பார்த்தோம், அத்தையால் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாக மனசுக்குள் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

"இன்னுமா சீரியலைக் கட்டிக்கிட்டு அழுகுற? சுழல்னு ஒரு வெப் சீரிஸ் பாரு, எட்டே பாகம். அதுக்கப்புறம் உனக்கு சீரியல் பக்கமே போகத் தோணாது" என்று எழுதியிருந்தாய். பார்த்துவிட்டேன். சின்னவள் போட்டுக் கொடுத்தாள், இரண்டு ராத்திரியில் எட்டையும் முடித்தேன். நீ சொன்ன முக்கால்வாசி சரி. மயானக் கொள்ளை நம் பக்கத்துத் திருவிழா இல்லை, வடக்கே அங்காளம்மன் கோயில்களில் மாசியில் நடப்பது. இருந்தாலும் அந்த வேஷமும் மேளமும் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அந்தப் பெண் நிலாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்களே, இரண்டும் ஒன்றையொன்று விடாமல் வருவது எனக்குப் பிடித்தது. திருவிழாவைச் சும்மா அலங்காரத்துக்கு வைக்கவில்லை. பார்த்திபன் பேசுகிற பேச்சு பாதி, பேசாமல் விடுவது பாதி. இன்ஸ்பெக்டராக வரும் ஸ்ரியா ரெட்டி ஒரு நேரம் போலீஸ், ஒரு நேரம் பிள்ளையைப் பெற்றவள். அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் முகம் படுகிற பாட்டைப் பார்த்து நான் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் தெரியவருகிற விஷயத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. பெண் பிள்ளைகளைப் பெற்ற எல்லாரும் பார்க்க வேண்டியது. பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தை, அந்த அஷ்டகாளித் திருவிழாக் கதையை, இன்னும் தொடவில்லை. முதல் பாகம் நெஞ்சில் இருந்து இறங்கட்டும்.

ஆனால் ராஜி, முடிந்தபோது ராத்திரி மணி இரண்டு. வீடே தூங்குகிறது. யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்று இருந்தது, ஆளில்லை. காலையில் பால் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆரம்பித்தேன், அவர் பார்க்கவில்லை. இதுவே சன் டி.வி. சீரியல் எதிர்நீச்சல் என்றால் தெருமுனை மாவு மில்லில் நிற்கிற ஐந்து பேரும் முந்தின நாள் கதையைப் பார்த்திருப்பார்கள். ஒருத்தி கேட்காமல் இன்னொருத்தி சொல்லுவாள். இதை ஒரு குறையாக நீ நினைக்கிறாய். நான் நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எதிர்நீச்சல் 2022 பிப்ரவரியில் ஆரம்பித்தது உனக்குத் தெரியும், நீயும் கொஞ்ச நாள் பார்த்தாய். கோலங்கள் எடுத்த திருச்செல்வம்தான் இதையும் எடுத்தார். கதை நடப்பது நம் மதுரையில். நான்கு அண்ணன் தம்பிகள், நான்கு பேருக்கும் படித்த பெண்களாகத் தேடிக் கட்டிவைத்து, கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்துகிறார்கள். அதுதான் என்னை முதலில் பிடித்து இழுத்தது. அதற்கு முன்னால் வந்த எத்தனை சீரியலில் ஓரகத்திக்கு ஓரகத்திதான் எதிரி! விஷம் வைப்பதும், நகையை ஒளித்துவைப்பதும், கண்ணை உருட்டுவதும் பெண்கள்தான். இதில் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி நான்கு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி துணை. கூடத்தில் ஆண்கள் இருக்கும்போது ஒரு குரல், அடுப்படிக்குள் வந்ததும் வேறு குரல். நந்தினி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனை ஏசுவாளே, அது நம் காம்பவுண்டுக் குழாயடியில் கேட்ட பேச்சேதான். வெளியே சத்தம் போகாமல் ஏசுகிற பேச்சு. எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

இனி அத்தை விஷயம். இதை இவரிடம்கூட நான் சொல்லவில்லை.

அத்தை பூக்கட்டுவது உனக்குத் தெரியுமே. இப்போதும் சாயந்திரம் மல்லிகை மொட்டு கால் கிலோ வாங்கிப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கை பரபரக்கும். சுவரில் சாய்ந்து காலை நீட்டி, கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பூவைப் பார்க்கவே மாட்டார்கள், கண் டி.வி.யில் இருக்கும். எண்பது வயசுக்கு மேல் ஆகியும் அந்தக் கை தப்பாது. எதிர்நீச்சல் வந்து ஒரு மாசம் போயிருக்கும், அப்போதுதான் கவனித்தேன். அந்த நான்கு பேரில் மூத்தவன் ஆதி குணசேகரன் குரலை உயர்த்துகிறபோதெல்லாம் கை நின்றுவிடுகிறது. மொட்டு நான்கும் நாருக்குள் இருக்கிறது, முடிச்சு விழவில்லை. அந்த ஆள் கத்தி முடித்து வெளியே போனதும்தான் ஒரு இழுப்பு இழுத்து முடிகிறார்கள். மறுநாளும் பார்த்தேன். அதே மாதிரி. அதற்கு அடுத்த நாளும்.

ஒரு நாள் விளம்பரம் ஓடும்போது கேட்டேவிட்டேன். "ஏன் அத்தை, அந்தாளு பேசுறப்ப கை நின்னுருது?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உங்க மாமா குரலுத்தா" என்றார்கள். "அவரு போயி இத்தனை வருசமாச்சு. இன்னும் அந்தச் சத்தம் கேட்டா கை ஓட மாட்டேங்குது."

நான் மாமாவோடு ஒரே வீட்டில் எத்தனை வருஷம் இருந்தேன்! என்னை ஒரு சொல் சொன்னதில்லை. பெரியவளுக்குக் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடப்பார். அவர் குரல் ஒரு மனுஷியை இப்படி உறையவைத்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் மருமகளாக வருவதற்கு முன்னால் நடந்தது எல்லாம் அந்த நாருக்குள் இருந்திருக்கிறது. சீரியல் வந்து அதை அவிழ்த்தது. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு, அத்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள். கல்யாணமான புதுசில் ஒரு தடவை சொல்லாமல் தல்லாகுளம் போய் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை பார்த்துவிட்டு வந்ததற்கு நடந்ததை, அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு எனக்குச் சொன்னார்கள். சீரியல் தினம் வருவதால்தானே தினம் பேச முடிந்தது? எட்டு பாகத்தில் முடிந்திருந்தால் அத்தை வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இதே சீரியலில் எனக்கு ஒரு பெரிய வருத்தமும் உண்டு. 2023 பொங்கலுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சொந்தக்காரர், பெயர் வேண்டாம், உனக்கும் தெரிந்தவர்தான், தன் பெண்சாதியைப் பார்த்து "இந்தாம்மா ஏய்!" என்று குணசேகரன் குரலிலேயே கூப்பிட்டு, காபி கொண்டுவரச் சொன்னார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன் ராஜி. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்படியில் டம்ளரில் ஆற்றிக்கொண்டிருந்தாள், முகத்தில் சிரிப்பு இல்லை. "தினமும் இப்படித்தான்க்கா, இப்ப இதுக்குப் பேரு ஜோக்குன்னு ஆயிப்போச்சு" என்றாள். அதற்கு முன்னால் அவர் அதட்டினால் அதட்டல் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது அதே அதட்டலுக்குக் கை தட்டுகிறார்கள். அன்றைக்குச் சிரித்ததற்கு நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

இதற்குக் குணசேகரனாக நடித்த மாரிமுத்துவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தேனிப் பக்கம் பசுமலைத்தேரிக்காரர். நம் பேச்சை டி.வி.யில் கேலிக்குத்தான் வைத்திருந்தார்கள், அவர் வாயில்தான் அது பேச்சாகவே வந்தது. மூச்சு விடுகிற இடம்கூட நம் ஊர் மூச்சு. குணசேகரனை அவர் அவ்வளவு உண்மையாகச் செய்ததால்தான் அத்தையின் கை நின்றது. 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி காலையில் இந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே அவருக்கு நெஞ்சு வலி வந்து, இறந்துபோனார் என்று செய்தி வந்ததே, அன்றைக்கு அத்தை பூக்கட்டவே இல்லை. தினமும் "இவன் நாசமாப் போக" என்று திட்டிக்கொண்டே பார்த்தவர்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "பாவம்த்தா, நல்ல மனுசனாத்தான் இருந்திருப்பாரு. கெட்டவனுக்கு இம்புட்டு நல்லாக் கெட்டவனா நடிக்க வராது" என்றார்கள். சொந்த ஊருக்குக் கொண்டுபோனதை டி.வி.யில் காட்டியபோது கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார். அவரும் சாதாரண ஆள் இல்லை, கண்ணாலேயே மிரட்டுவார். ஆனால் அத்தையின் கை நிற்கவில்லை. ஒரு வேஷத்துக்கும் ஒரு குரலுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என் வருத்தம் வேறு. தினத்தொடரில் குணசேகரன் தோற்க முடியாது. அவன் தோற்றால் மறுநாளைக்குக் கதை இல்லை. அதனால் நந்தினி சமையல் செய்து சம்பாதிக்கக் கிளம்பினாலும், ரேணுகா நடனம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினாலும், நான்கு நாள் நமக்கு நெஞ்சு நிமிரும், ஐந்தாம் நாள் ஏதாவது ஒன்றைப் பண்ணி மறுபடியும் அடுப்படிக்கே கொண்டுவந்துவிடுவார்கள். வாசற்படி வரைக்கும் போகலாம், தாண்டக்கூடாது. கோலங்கள் 1533 பாகம் ஓடியது, 2003-லிருந்து 2009 வரை. அதன் நாயகி அபியும் அப்படித்தான் எழுவதும் விழுவதுமாக இருந்தாள், ஆனால் அவள் வெளியே வந்து, கட்டிடத் தொழில் செய்து, ஆண்களோடு சரிக்குச் சரி நின்று அடி வாங்கினாள். இருபது வருஷம் கழித்து அதே மனிதர் எழுதுகிற பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலம் பின்னால் போகிறதா, அல்லது இன்றைக்கும் நிறைய வீடுகளில் இதுதான் நிலைமையா என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பொங்கல் அன்று அடுப்படியில் நின்றவளும் எம்.எஸ்ஸி. படித்தவள்தான்.

2024 ஜூனில் முடித்தார்கள். முடித்த விதத்தில் எனக்குத் திருப்தி இல்லை. டிசம்பரிலேயே "எதிர்நீச்சல் தொடர்கிறது" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், ஜனனியாக இப்போது வேறு பெண். பார்க்கிறேன். பழைய பிடிப்பு இல்லை, ஆனால் அத்தை விட மாட்டார்கள்.

விட்டுப்போன ஒன்று. எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் போன நவம்பர் 10-ஆம் தேதி இறந்துபோனார், நம் ஊரிலேயே இருந்தவர். சேதி கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான். அவர் எழுதிய மர்மதேசம் சீரியலில் "விடாது கருப்பு" வந்த ராத்திரிகளில் காம்பவுண்டில் பாத்ரூமுக்குப் போகக்கூட இரண்டு பேர் சேர்ந்துதான் போவோம். நீ லாந்தர் பிடிப்பாய், நான் வாளி. கருப்பு சாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று ஊரே நம்ப, கடைசியில் எல்லாம் ஒரே ஆளின் மனசு இரண்டாக உடைந்த கதை என்று காட்டினார்களே. நாம் இருவரும் வாயைப் பிளந்தோம். அத்தைக்கு மட்டும் மனத்தாங்கல். "பதினெட்டாம்படியான் முன்னாடி நின்னு பொய் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் வராது, அது மனசு உடைஞ்ச கதை இல்லத்தா" என்றார்கள். அன்றைக்குச் சிரித்தோம். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த வீட்டில் அவர்களுக்கு நியாயம் கேட்க இருந்த ஒரே இடம், அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பாகக் கும்பிடுகிற அந்தக் கதவுதான்.

உன் அம்மா பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து சீரியல் பார். கதையைப் பார்க்காதே, அவர்களைப் பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது.

ஆவணியில் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா? ஒரு நாள் முன்னாலேயே வா. அத்தை உனக்கென்று தனியாக நாலு முழம் கட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். சுழல் இரண்டாம் பாகத்தை அதுவரை பார்க்காமல் வைத்திருக்கிறேன், சேர்ந்து பார்ப்போம்.

மொட்டை ஈரத்துணியிலிருந்து எடுத்து முறத்தில் கொட்டிவிட்டார்கள். கூப்பிடுகிறார்கள், ஆரம்பித்துவிட்டதாம்.

உன்,
பாண்டிச்செல்வி