மாசி அமாவாசைக்குள் கிடைக்கவேண்டிய கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே நான் நலம். தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரி எழுதவில்லை, போனிலும் ரெண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறேன் என்று அம்மா வருத்தப்பட்டதாக அண்ணி சொன்னார். வேலை முடிந்து வந்தால் படுக்கத்தான் தோன்றுகிறது, வேறொன்றுமில்லை. அப்பாவின் கடிதமும் தகரப்பெட்டியில் இருந்த அந்தப் பழைய காகிதத்தின் ஜெராக்ஸும் வந்து ஒரு மாதம் ஆகிறது. கண்டுபிடித்துவிட்டே பதில் எழுதலாம் என்றிருந்தேன்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்டீர்கள். கேட்டரிங்காரன் காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து விடியற்காலை நாலரைக்கே கொண்டுவந்து வைத்துவிடுவான். மதியம் பொட்டலத்தைப் பிரித்தால் குழம்பில் ஒரு புளிப்பு இருக்கும், அது புளி போட்டதால் வந்த புளிப்பு இல்லை. நீங்கள் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் கார்த்திகையோடு தீர்ந்துவிட்டது. ஓவர்டைம் ரெண்டு மாதமாக இல்லை. ஞாயிறு லீவு கிடைக்கிறது, நல்லதுதானே. அதனால்தான் சண்டைக்குப் போய்த் திரும்பாத பெரிய தாத்தாவைத் தேட முடிந்தது.

உலகப்போரில் செத்த பட்டாளத்துக்காரர்களின் பேரைக் காக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் முழுக்க இணையத்தில் இருக்கிறது. பேரை ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. ஜெராக்ஸின் ஓரத்தில் இருந்த நம்பரைப் போட்டதும் வந்துவிட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலம் கட்டுகிற, தகர்க்கிற பட்டாளம். கொள்ளுத்தாத்தா பேர், பெரிய பாட்டி பேர், நம் ஊர், வட ஆற்காடு, எல்லாம் இருக்கிறது. பாட்டி பேரில் ஒரு எழுத்து தப்பு. இருந்தாலும் கழனியைத் தவிர எதையும் பார்க்காத அந்தக் கிழவியின் பேர் ஒரு உலகப் பட்டியலில் இருப்பதைப் பார்த்துப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

இடம் எது தெரியுமா, இதே சிங்கப்பூரில் கிராஞ்சி போர் நினைவிடம். ரெண்டு வருஷமாகத் தினமும் லாரியில் அந்த மேட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், ஏதோ பூங்கா என்று நினைத்திருந்தேன். எரிக்கப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, எண்ணூறு பேருக்குக் கிட்டத்தட்ட, பெரும்பாலும் நம் இந்தியப் பட்டாளத்துக்காரர்கள். முதலில் அங்கேதான் தேடினேன், இல்லை. உடல் கிடைக்காதவர்கள் எல்லாரும் சுவரில், 24,000 பேருக்கு மேல். பெரிய தாத்தா என் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறார். பூ மட்டும் கீழே வைத்தேன். கற்பூரம் ஏற்றவில்லை, இந்த ஊரில் எதற்கெல்லாம் அபராதம் என்று சொல்லமுடியாது.

தேதி 15 பிப்ரவரி 1942 என்று இருக்கிறது. ஜப்பான்காரன் 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தபாருவில் இறங்கியதிலிருந்து இவர்கள் மலாயா முழுக்கப் பாலம் பாலமாக வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டே பின்வாங்கி வந்து, கடைசியில் சிங்கப்பூரில் சரணடைந்த நாள் அது. மேலத்தெரு மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இந்தத் தேதி சரியென்றால் பெரிய தாத்தா நேதாஜி படைக்குப் போயிருக்க வழியில்லை. பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க்கில் கூட்டி ஜப்பான்காரன் பேசியதே 17-ஆம் தேதிதான். நாங்கள் ஞாயிறு காய்கறி வாங்கப் போகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தத் திடல். மாமா ஒத்துக்கொள்ளமாட்டார், விடுங்கள்.

இதை எங்கள் கேட் வாட்ச்மேன் சீனத் தாத்தாவிடம் சொன்னேன். விசித்திரமான ஆள், காபியைப் பிளாஸ்டிக் பையில் வாங்கிக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "சாப்பிட்டாச்சா" என்பார், அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். தேதியைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு அவர்களுக்குப் புத்தாண்டாம். அம்மா வயிற்றுப் பிள்ளையோடு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாளாம். அந்தப் பிள்ளை இவருடைய அண்ணன்.

படுத்தபிறகுதான் உறைத்தது. சீனர்களுக்கு வருஷம் பிறப்பது அமாவாசையில். எழுந்து பழைய பஞ்சாங்கத்தைப் போனில் தேடிப் பார்த்தேன். விஷு வருஷம், ஞாயிற்றுக்கிழமை, மாசி அமாவாசை. அப்பா, நம் ஊரில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா.

தேதி தெரியாது என்று ஆடி அமாவாசையில் சேர்த்துப் படைத்தோமே, அவருக்கு உரிய நாளில் நாம் பாலாற்றில் பம்பை அடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். பெரிய பாட்டி தாலியோடு, முறத்தில் கொழுக்கட்டையும் சுண்டலும் வைத்துக்கொண்டு, அங்காளம்மன் வருகிறவரை தெருமுனையில் நிற்பாள். எனக்கு மட்டும் ஒரு கொழுக்கட்டையை முந்தானையில் ஒளித்துவைத்திருப்பாள். இப்போது அந்தச் சுண்டல் வாசனை வந்து, சரி, விடுங்கள்.

பட்டா விஷயம். ஆணையத்தின் தளத்தில் அவர் பேரில் ஒரு சான்றிதழ் எடுக்க முடிகிறது, இத்துடன் வைத்திருக்கிறேன். தாலுகா ஆபீசில் கேட்டுப்பாருங்கள், அவர்கள் ஏற்காவிட்டால் வக்கீலிடம் காட்டுங்கள். மேட்டுக்கழனியில் அவர் பங்கை விற்க அத்தான் அவசரப்படுவதாக அக்கா சொன்னாள். என் கடனை நினைத்து யாரும் எதையும் விற்கவேண்டாம், நான் பார்த்துக்கொள்வேன். இந்த மாதப் பணம் மட்டும் பத்து நாள் தள்ளி வரும்.

இந்த வருஷம் மயானக் கொள்ளைக்கு அண்ணனை லீவு போட்டு வரச் சொல்லுங்கள். சுடுகாட்டில் படைக்கும்போது ரெண்டு இலை போடுங்கள், பாட்டிக்கும் சேர்த்து.

உங்கள் சின்னவன்