அவருக்குப் பணம் கொடுக்காதே

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. கூரை ஒழுகுகிறது, ஹால் மூலையில் பக்கெட் வைத்திருக்கிறேன் என்று நீ சொன்னதைவிட, காலையில் ஒருவர் கதவைத் தட்டிய கதைதான் என்னைக் கலக்கியது. "பக்கத்துத் தெருவில் வேலை நடக்கிறது, உங்கள் தளம் வெடித்திருப்பது அங்கிருந்தே தெரிகிறது, ஒழுகாமல் இருக்கத் தளத்தில் பூசும் மருந்து கொஞ்சம் மீதி இருக்கிறது, இன்றே பாதிப் பணம் கொடுத்தால் நாளைக்கே முடித்துவிடலாம்" என்றாராம். நல்லவேளை, நீ இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்காதே.

அளந்து வேலை செய்கிறவரிடம் ஒரு வீட்டுத் தளத்துக்கே போதுமான மருந்து மீதியாகாது. இன்று மட்டும்தான் இந்த விலை என்பதும், பெருமழை விட்ட மறுநாளே தேடி வருவதும், நீ பயந்திருக்கும் நேரம் பார்த்துச் செய்வது. எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம்.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது உன் அறைக் கூரை ஒழுகியது ஞாபகம் இருக்கிறதா? உன் புத்தகப் பை நனைந்து நீ அழுத அன்று, வீடு தேடி வந்த ஒருவரை உள்ளே விட்டேன். அவர் தனியாக மாடிக்குப் போய், விரிசல் விட்ட தளத்தின் போட்டோவோடு இறங்கி வந்தார். அந்தப் போட்டோவில் கைப்பிடிச் சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தது. நம் சுவரோ வெறும் வெள்ளை. நான் பார்த்தேன், ஆனால் மனதில் ஏறவில்லை. மூன்று நாள் கழித்து உன் அம்மாதான் கேட்டாள். அதற்குள் முக்கால்வாசிப் பணம் போய்விட்டது. ஈரம் காயாத தளத்தின் மேலேயே ஒரே சாயங்காலத்தில் பூசிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் கவர் மாதிரி உரிந்து வந்தது, அடியில் தூசி அப்படியே இருந்தது. போன் போட்டால் எடுக்க ஆளில்லை.

அப்புறம் வந்தவர் ஒரு வயதான மேஸ்திரி. விலையைப் பற்றிப் பேசவே இல்லை. மழை பெய்யும்போதே சொட்டுகிறதா, விட்ட பிறகா என்று கேட்டார். மழையில்லாத நாளிலும் ஈரம் இருக்கிறதா என்று கேட்டார், அப்படி இருந்தால் கோளாறு பைப்பிலோ தொட்டியிலோ இருக்கலாம் என்பதால். என்னையும் கூடவே மாடிக்கு அழைத்துப்போய், சுத்தியல் காம்பால் தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தோம். சொட்டிய இடத்துக்கும் அந்த மூலைக்கும் ஏழெட்டு அடி தூரம். தண்ணீர் ஒரு இடத்தில் இறங்கி, தளத்துக்குள்ளேயே ஓடி, வேறு இடத்தில்தான் சொட்டும். விலை சொல்வதற்கு முன்னால் இப்படித் தேடிப் பார்க்கிறவர் உனக்குக் கிடைத்தால் விட்டுவிடாதே.

அதுவரை நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஃபேன், லைட் பாயிண்ட் பக்கம் ஈரம் தெரிந்தால் அந்த லைனை ஆஃப் செய்துவிடு. மாடியில் தண்ணீர் போகும் வாயில் இலை, குப்பை அடைத்திருந்தால் எடுத்துவிடு. பல வீடுகளில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. மழை விட்டதும் தார்ப்பாய் விரித்துக் கனம் வை. பத்து நாள் தாங்கினால் போதும், நிதானமாக ஆள் தேடலாம். ஈரமான இடங்களைப் போட்டோ எடுத்து வை. வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் எதையும் பிரிப்பதற்கு முன்னால் அவர்களுக்குச் சொல். எதுவும் எழுதாத படிவத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதே. கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது பூச்சு வேலை இல்லை. கட்டட இன்ஜினியர் பார்க்காமல் யாரையும் தொடவிடாதே.

மூன்று பேரிடமாவது கொட்டேஷன் வாங்கு, மூவரிடமும் ஒரே வேலையைச் சொல்லிக் கேள். போன மாதம் முடித்த வீட்டைக் காட்டுவார்கள். அது வேண்டாம். மூன்று மழைக்காலம் பார்த்த வீட்டின் முகவரியைக் கேட்டு, நீயே போய் அந்த வீட்டுக்காரரிடம் பேசு. பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பது, விரிசல் அடைப்பது, மருந்துக்கு முன்னால் அடிக்கும் பிரைமர், எந்தக் கம்பெனி மருந்து, எத்தனை கோட், குப்பையை யார் அள்ளுவது, வாரண்டி எத்தனை வருஷம் என்று எல்லாமே தாளில் இருக்கட்டும். வாரண்டி என்றால் மருந்துக்கு மட்டுமா, ஆள் கூலிக்கும் சேர்த்தா என்றும் எழுதச் சொல். நடுவில் கூடுதல் வேலை வந்தால், விலையை எழுதி நீ சம்மதித்த பிறகுதான் தொடலாம்.

மருந்தில் ஏமாற்றுவது சுலபம், தண்ணீர் கலந்து நீட்டிவிடுவார்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று டின்னிலேயே போட்டிருக்கும். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 20 சதுர அடி என்று போட்டிருந்து உன் தளம் 800 சதுர அடி என்றால், 40 லிட்டர் இறங்கியாக வேண்டும். டின்னை உன் கண் முன்னால் உடைக்கச் சொல், காலி டின்களை எண்ணிப் பார். முதல் கோட் காய்ந்த பிறகு, இரண்டாவதைக் குறுக்குவாட்டில் அடிக்க வேண்டும்.

அட்வான்ஸ் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மருந்துக்குப் பணம் கேட்டால் கடையில் நீயே உன் பெயரில் பில் போட்டு வாங்கிக் கொடு. மீதியை வேலை முடிய முடியக் கொடு, ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கு. பூச்சு நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் போகும் வாயை அடைத்து ஒரு அங்குலத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் நிறுத்திக் கீழே பார்க்க வேண்டும். கடைசிப் பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை தாண்டிய பிறகு தருகிறேன் என்று முதலிலேயே எழுதிக்கொள். சரியான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார். மேலே ஏறுகிற ஆட்களுக்குக் கயிறும் இன்சூரன்சும் இருக்கிறதா என்றும் கேள். அவர்கள் வீட்டிலும் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ கால் போடுகிறேன். சாக்பீஸ் ஒன்று எடுத்துக்கொண்டு மாடிக்கு வா, சேர்ந்தே பார்ப்போம். பக்கெட்டைச் சுற்றிப் பழைய துணி போட்டு வை, ராத்திரி எழுந்து நடக்கும்போது வழுக்கும்.

அன்புடன்,
அப்பா