‘ஒன்றுமில்லை’ என்ற பிறகும் கூட இருந்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நட்புகளுக்கும்,

வணக்கம். இடது மார்பில் வந்த கட்டிக்கு பயாப்ஸி எடுத்து, ‘நாள்பட்ட அழற்சி, புற்றுநோய் அணுக்கள் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். நானும் குடித்தேன். வலி மட்டும் போகவில்லை. பைக்கில் போகும்போது வேகத்தடை வந்தால் துப்பட்டாவுக்குள் கையை விட்டுத் தாங்கிப் பிடித்துக்கொள்வேன். ‘அதான் கேன்சர் இல்லையே, அப்புறம் என்ன?’ என்றவர்கள் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அதற்கு மேலும் ‘இன்னும் வலிக்குதா?’ என்று கேட்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் என் நாத்தனார். ஆன்டிபயாடிக் முடிந்தும் கட்டி அசையாமல் கிடந்தபோது, ‘கிளம்புங்க அண்ணி, வேற டாக்டரைப் பார்ப்போம்’ என்று இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

ரிப்போர்ட் நகல் கேட்டு லேபுக்குப் போனோம். கவுன்டரில் இருந்த தம்பி, “ரிப்போர்ட் மட்டும் பத்தாதுக்கா. ஸ்லைடு, மெழுகு பிளாக் ரெண்டும் வாங்கிட்டுப் போங்க. பிளாக் இருந்தா அதுலேயே சீவி வேற சாயம் போட்டுப் பார்ப்பாங்க” என்றார். கண்ணாடி உடையாதபடி பஞ்சு வைத்து, பெயரைச் சரிபார்த்து, டப்பாவில் போட்டுக் கொடுத்தார். மெழுகுக்குள் என் சதை வெள்ளை நூல் துணுக்காகத் தெரிந்தது. அந்தத் தம்பி பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அடுத்து, அந்த டாக்டர் அம்மா. கைக்குத் தட்டுப்படுவது, ஸ்கேனில் தெரிவது, பயாப்ஸி சொல்வது மூன்றும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் மறுபடி பார்க்கத்தான் வேண்டும் என்றார். ஸ்லைடை மறுபடி படித்ததில் வந்த பெயர், கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ். மார்பில் வரும் ஒருவகை நாள்பட்ட அழற்சி. பிள்ளை பெற்றுச் சில வருடங்களுக்குள் இருக்கும் பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வருமாம். புற்றுநோய் போலவே ஏமாற்றும், ஆனால் புற்றுநோய் கிடையாது. காசநோய் மார்பில் வந்தாலும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். அது தெரியாமல், இந்த அழற்சிக்குத் தரும் ஸ்டீராய்டைக் கொடுத்தால் காசநோய் தலைதூக்கிவிடும். அதனால் பிளாக்கில் சாயம் போட்டும், ஊசியில் எடுத்த சீழில் காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை செய்தும் பார்த்து, இரண்டும் நெகட்டிவ் என்றான பிறகே ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். எனக்கு அவசரம், அவருக்கு இல்லை. அந்தப் பொறுமைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஸ்டீராய்டில் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. மாமியார் தனக்கும் சேர்த்து உப்பைக் குறைத்துக்கொண்டார். ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றியதை இன்றும் சொல்லிக் காட்டுகிறார், சொல்லட்டும். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா கேள்வி எதுவும் கேட்காமல் என் ரவிக்கை எல்லாவற்றையும் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தார், காசும் வாங்கவில்லை. பள்ளியில் என் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்ட சக ஆசிரியைகளுக்கும் நன்றி. என் கணவர், ‘என்னை இதுல இழுக்காதே’ என்றார். இழுத்துவிட்டேன். பைக்கை அவ்வளவு மெதுவாக ஓட்டியவரை எப்படி விட முடியும்?

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதால் படிப்படியாகக் குறைத்து வருகிறோம். கட்டி சுருங்கியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை. இது மாதக்கணக்கில் இழுக்கும், திரும்ப வரவும் கூடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த ஸ்கேனுக்கும் நாத்தனார்தான் கூட வருகிறாள், டோக்கன்கூடப் போட்டாயிற்று.

அன்புடன்,
உங்கள் டீச்சர்